பதக்கங்களின் கதை – 17: பதினைந்து வருடம் வந்தவர்கள்

சென்ற இதழில் விக்டோரியா கிராஸைப் பார்த்தோம். ஒரு நாளில், சில சமயம் பத்தே நிமிடத்தில், ஒரு மனிதன் உயிரைத் துச்சமாக எண்ணிச் செய்துவிட்ட காரியத்துக்குக் கிடைப்பது அது. வாங்கியவர்களைப் பற்றித் தடித்தடியான புத்தகங்கள் இருக்கின்றன. ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது.

இந்த வாரம் எடுத்துக்கொள்வது அதற்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கும் ஒன்று. லண்டனில் பழைய பதக்கம் விற்பவர்கள் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில்லை. தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். சில பத்து பவுண்டு கொடுத்தால் கிடைத்துவிடும். சேவைக்காக இதைப் பெற வீரச்செயல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கட்டுப் போடத் தெரிய வேண்டும், கூப்பிட்ட இடத்துக்கு வர வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை பரீட்சையில் தேற வேண்டும். தொடங்கிய காலத்தில் இப்படிப் பதினைந்து வருடம், சம்பளமில்லாமல். செயின்ட் ஜான் அமைப்பின் சேவைப் பதக்கம் என்பது இதன் பெயர். 1898இல் திட்டமிட்டு, அடுத்த வருடத்திலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள், இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வட்டம், குறுக்களவு சுமார் 38 மில்லிமீட்டர். ரிப்பனில் மூன்று கறுப்புக் கோடு, இரண்டு வெள்ளைக் கோடு, எல்லாம் ஒரே அகலம். முன்பக்கம் விக்டோரியா ராணி. பின்பக்கம் நடுவில் அரச இலச்சினை. அதைச் சுற்றி நான்கு சிறு வட்டங்கள். ஒன்றில் கிரீடம், ஒன்றில் வேல்ஸ் இளவரசரின் மூன்று இறகு, மற்ற இரண்டிலும் அமைப்பின் எட்டு முனைச் சிலுவை. இடைவெளிகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைச் செடியின் கொப்புகள். ஓரத்தில் பழைய கோணல்மாணல் எழுத்தில் லத்தீன் வாசகம். அழகான வேலைப்பாடு என்று சொல்ல மாட்டேன். ஒரு வட்டத்துக்குள் இவ்வளவையும் அடைக்க வேண்டியதில்லை.

விசேஷம் முன்பக்கத்து முகத்தில்தான். பிரிட்டிஷ் பதக்கங்களில் அரசர் மாறினால் முகமும் மாறும். விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்தார். அப்போது இந்தப் பதக்கம் பிறந்து இரண்டு, மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், எட்டாம் எட்வர்ட், ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் எலிசபெத், மூன்றாம் சார்லஸ் என்று ஆறு பேர் வந்துவிட்டார்கள். இதில் மட்டும் பாட்டியம்மாவின் முகம் அசையவில்லை. அந்த முகத்தைச் செதுக்கியவர் அவர் பெற்ற மகளே: இளவரசி லூயிஸ். அரண்மனைப் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்யும் கைவேலை என்று நினைத்துவிட வேண்டாம். லூயிஸ் முறையாகப் பயின்ற சிற்பி. லண்டனில் கென்சிங்டன் அரண்மனைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் விக்டோரியாவின் பளிங்குச் சிலையும் அவர் செய்ததுதான்.

இனி இந்தப் பதக்கம் எங்கிருந்து வந்தது என்ற கதை. சிலுவைப் போர்க் காலத்தில் ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்திய துறவி வீரர்கள், மால்டா தீவு, எட்டாம் ஹென்றி இங்கிலாந்தில் அவர்களுடைய மடத்தைக் கலைத்தது என்று அது மிகவும் பின்னால் போகும். அதற்கு ஒரு தனித் தொடரே வேண்டும். நமக்கு 1877 போதும். பழைய பெயரை எடுத்துக்கொண்டு லண்டனில் கிளப் நடத்துவதுபோல் கூடிக்கொண்டிருந்த சில கனவான்கள், அந்த வருடம் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடிபட்டவனை டாக்டர் வரும்வரை எப்படிக் காப்பாற்றி வைப்பது என்பதைச் சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் நோக்கம்.

இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அன்று டாக்டர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் நிலைமை என்ன? நிலக்கரிச் சுரங்கத்தில் ஒருவனுக்குத் தொடை எலும்பு முறிகிறது. தோல் கிழியவில்லை, உள்ளுக்குள் முறிவு மட்டும்தான். கூட இருப்பவர்கள் பதறிப்போய் அவனைத் தூக்கிக் கட்டை வண்டியில் போட்டு, கல்லும் பள்ளமுமான பாதையில் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வண்டி குலுங்குகிற குலுக்கலில் முறிந்த எலும்பின் முனை சதையைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். சீழ் பிடிக்கும். கால் போகும், பல சமயம் ஆளே போவான். கட்டையோ குடையோ கைக்குக் கிடைத்ததைக் காலோடு வைத்து அசையாமல் கட்டிவிட்டுத் தூக்குங்கள் என்று ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

அதைச் சொல்லிக் கொடுத்த முதல் ஆட்களில் ஒருவர் பீட்டர் ஷெப்பர்ட், ராணுவ மருத்துவர். 1878இல் லண்டனுக்கு அருகே உல்விச்சில் வகுப்பு எடுத்தார். பாடக் குறிப்புகளைப் புத்தகமாகத் தொகுத்துக்கொண்டிருந்தபோது தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்களோடு சண்டைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. 1879 ஜனவரி 22, இசாண்ட்ல்வானா என்ற இடத்தில் ஜூலு படை ஆங்கிலேயப் படையை ஏறக்குறைய முற்றாக அழித்தது. தப்பி ஓடும் வழியில் காயம்பட்ட குதிரைவீரன் ஒருவனைப் பார்க்க ஷெப்பர்ட் நின்றார். அங்கேயே ஈட்டி பாய்ந்து இறந்தார். புத்தகத்தை நண்பர் ஒருவர் முடித்து அச்சுக்குக் கொடுத்தார். சங்கத்தின் முதல் கையேடு அதுதான்.

ஜெர்மனியில் கீல் நகரத்து அறுவை மருத்துவர் எஸ்மார்க்கும் இதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தார். முக்கோணத் துணி ஒன்றை வைத்துக்கொண்டு தலைக்கட்டு, தோள்கட்டு, கைத்தூளி என்று எல்லாம் போடலாம் என்று காட்டியவர் அவர். ஸ்கவுட்டில் இருந்தவர்கள் அந்தத் துணியை மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய உரைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் விக்டோரியாவின் இன்னொரு மகள், இளவரசி ஹெலனா. எஸ்மார்க் அவருக்கு அந்நியரல்ல, நாத்தனாரின் கணவர். ஒரு மகள் முதலுதவிப் பாடத்தை மொழிபெயர்க்க, இன்னொரு மகள் முதலுதவிப் பதக்கத்துக்கு முகம் செதுக்கினார்.

வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் பெருகினார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கு லாபம்? இவர்களைச் சீருடை போட்ட படையாக்கி, திருவிழா, ஊர்வலம், கால்பந்து ஆட்டம், சுரங்க விபத்து என்று எல்லா இடத்துக்கும் அனுப்ப 1887இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பிரிகேட் உருவானது. அடுத்த வருடம் செயின்ட் ஜான் அமைப்புக்கு ராணியின் சாசனம் கிடைத்தது. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தலைமையில் பிரபுக்கள் இருந்தார்கள், சரி. கீழே வரிசையில் நின்றவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், பருத்தி ஆலை நெசவாளிகள், ரயில்வே போர்ட்டர்கள், ஷண்டிங் செய்பவர்கள். தினமும் கை, கால் நசுங்குவதைக் கண்ணால் பார்த்தவர்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று கொக்கி மாட்டும் ஆளுக்கு முதலுதவி ஏன் தேவை என்று யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ரயில்வே கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வகுப்பு நடத்தின. தங்கள் பெயரிலேயே முதலுதவிப் பதக்கங்களையும் அடித்துக் கொடுத்தன. ரயில்வே பதக்கம் சேகரிப்பவர்கள் தனி ஜாதி. அவர்களிடம் பேச ஆரம்பித்தால் கடைசி ரயிலும் போய்விடும்.

இப்படி ஓய்வு நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த ஆட்களைத் தக்க வைப்பது எப்படி என்ற கேள்விக்கு வந்த பதில்தான் 1898இன் சேவைப் பதக்கம். பதினைந்து வருடம் என்பது பிற்காலத்தில் குறைந்தது. கடல் கடந்த நாடுகளில் அதற்கு முன்பே குறைவு. அதற்கு மேலும் ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும் ரிப்பனில் மாட்ட ஒரு சிறு பட்டை. தொடக்க காலப் பட்டைகளில் ஐந்து வருட சேவை என்று எழுதியே இருக்கும்; 1924க்குப் பிறகு எழுத்துக்குப் பதில் சிலுவை. பட்டைகள் ஏறிக்கொண்டே போனால் கடைசியில் தங்க முலாம் பூசியது கிடைக்கும். நான்கு, ஐந்து பட்டை ஏறிய ரிப்பனைப் பார்த்தால் முப்பது, நாற்பது வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வருடாவருடம் எதற்குப் பரீட்சை, ஒருமுறை படித்தது போதாதா என்று கேட்கலாம். போதாது. நீரில் மூழ்கி மூச்சு நின்றவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1900இல் சேர்ந்தவர் படித்தது சில்வெஸ்டர் முறை: ஆளை மல்லாக்கக் கிடத்தி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பிறகு மடக்கி மார்பில் அழுத்துவது. சில வருடத்தில் ஷேஃபர் முறை வந்தது: குப்புறப் போட்டு, முதுகின் கீழ்ப்பகுதியை அழுத்தி அழுத்தி விடுவது. 1950களில் ஹோல்கர் நீல்சன் முறை: குப்புறப் போட்டு முதுகை அழுத்தி, பிறகு முழங்கையைப் பிடித்துத் தூக்குவது. அது வந்து பத்து வருடம் ஆவதற்கு முன்பே, இதெல்லாம் வேண்டாம், வாயோடு வாய் வைத்து ஊது என்றார்கள். நீண்ட காலம் சேவை செய்த பலர் தாங்கள் உறுதியாக நம்பியதை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்றிருக்க வேண்டும். பட்டைகள் அதற்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது பதக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பைத் திருப்புங்கள். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது ராணியின் முகத்தை அல்ல, இந்த விளிம்பைத்தான். சிறு எழுத்தில் அங்கே பெயர் இருக்கும். முதலெழுத்துகளும் குடும்பப் பெயரும். முன்னால் எண், பதவி. பின்னால் எந்த டிவிஷன், எத்தனையாவது மாவட்டம், எஸ்.ஜே.ஏ.பி. என்ற சுருக்கம். சிலவற்றில் வருடமும் இருக்கும். கடல் கடந்த கிளை என்றால் எஸ்.ஜே.ஏ.பி.ஓ. சில விளிம்புகளில் பெயருக்கு முன்னால் ஆம்புலன்ஸ் சிஸ்டர் என்பதன் சுருக்கமும், பின்னால் நர்சிங் டிவிஷன் என்பதன் சுருக்கமும் இருக்கும். அது பெண்ணுடையது. ஓட்டுரிமையே இல்லாத காலத்தில், ஆண்களுக்குக் கொடுத்த அதே பதக்கத்தை, அதே ரிப்பனில், அதே வருடக் கணக்கில் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பதக்கங்களில் இது அபூர்வம்.

இந்தப் பதக்கம் மலிவு என்பதால் சேகரிப்பாளர்கள் பலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். நெசவு ஆலையில் தறி ஓட்டிய பெண்ணின் பெயரை உலோகத்தில் வேறு யார் பொறித்தார்கள்? அவள் சர்ச் பதிவேட்டில் மூன்று தடவை வருவாள்: ஞானஸ்நானம், கல்யாணம், சாவு. நான்காவதாக இந்த விளிம்பில் வருகிறாள். அதுவும் அவள் தன் விருப்பத்தால் செய்த ஒரு காரியத்துக்காக.

நிறைய வருடம் வந்துகொண்டிருந்தால்தான் கிடைக்கும் பதக்கம் என்பதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே பார்னால்ட்ஸ்விக் என்று ஒரு சின்ன நெசவு ஊர். அங்கிருந்த செயின்ட் ஜான் ஆட்களில் சிலர், போர் வந்தால் கடற்படை மருத்துவமனைகளில் வேலை செய்வோம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1914இல் போர் வந்தது. பதினைந்து பேர் ரோஹில்லா என்ற மருத்துவக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். பிற்காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் ஆட்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிப்போன ரஜுலாவும் அதே கம்பெனியுடையதுதான்.

காயம்பட்டவர்களை ஏற்றிவர டன்கர்க் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது ரோஹில்லா. போர்க் காலம் என்பதால் கரையில் விளக்குகள் அணைந்திருந்தன. அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன், விட்பி ஊருக்குச் சற்றுத் தெற்கே பாறையில் மோதியது. கரை கண்ணுக்கெட்டும் தூரம்தான். அரை மைல்கூட இல்லை. ஆனால் புயல். விட்பிக்காரர்கள் ஜான் ஃபீல்டன் என்ற துடுப்புப் படகைப் பாறைகளின் மேல் இழுத்துக்கொண்டு வந்து இரண்டு முறை போய் 35 பேரைக் கொண்டுவந்தார்கள். கப்பலில் இருந்த ஐந்து பெண்களும் அதில் அடக்கம். அத்தோடு படகு உடைந்துபோனது. வெள்ளி, சனி இரண்டு நாளும் கப்பல் துண்டுதுண்டாகச் சிதைவதைக் கரையில் நின்ற ஊர் ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் குதித்து நீந்தினார்கள். அலையில் இறங்கிக் கைகோத்து நின்றவர்கள் முடிந்தவரை இழுத்துப் போட்டார்கள். ஞாயிறு காலை டைன்மவுத்திலிருந்து வந்த ஹென்றி வெர்னன் என்ற மோட்டார் படகு அலையின் மேல் எண்ணெயை ஊற்றிக் கொந்தளிப்பை அடக்கி, கடைசி 50 பேரை மீட்டது. இறந்தவர்கள் எண்பதுக்கு மேல். பார்னால்ட்ஸ்விக்கின் பதினைந்து பேரில் ஊர் திரும்பியவர்கள் மூன்று பேர்.

போரில் மாண்டவர்களின் வீட்டுக்கு அரசாங்கம் பெயர் பொறித்த வெண்கலத் தகடு அனுப்பியது. சேவைப் பதக்கத்தின் கணக்கு வேறு. உயிரோடு திரும்பி வந்து, மறுபடி பயிற்சிக் கூடத்தில் வரிசையில் நிற்பவருக்கே வருடங்கள் ஏறும்.

செயின்ட் ஜானைப் பார்த்து மற்றவர்களும் கொடுக்கத் தொடங்கினார்கள். செஞ்சிலுவைச் சங்கமும், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் 1882இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆம்புலன்ஸ் சங்கமும் சேர்ந்து 1932இல் ஒரு தன்னார்வ மருத்துவ சேவைப் பதக்கத்தைக் கொண்டுவந்தன. அதற்கும் பதினைந்து வருடம்தான். அதன் பட்டையைப் பார்த்தே எந்தச் சங்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம். ஒன்றில் செஞ்சிலுவை, இன்னொன்றில் ஆண்ட்ரூவின் பெருக்கல் குறிச் சிலுவை.

சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. செயின்ட் ஜான் பதக்கம் ஆரம்பத்தில் நல்ல வெள்ளி. 1940களின் பிற்பகுதியிலிருந்து மலிவான உலோகத்தின் மேல் வெள்ளி முலாம். 1960களில் ரோடியம் முலாம். ரோடியம் கறுக்காது, எப்போதும் புதுசுபோல் பளபளக்கும்; பளபளப்பைப் பார்த்து நல்ல வெள்ளி என்று ஏமாற வேண்டாம். மிகப் பழையவை வளையத்தில் தொங்கும், பின்னால் வந்தவை நேர்க்கம்பியில். வெள்ளியில் கருமை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் மழுங்குவது விளிம்பு எழுத்துதான். ஓரிடத்தில் மட்டும் விளிம்பு மெலிந்திருந்தால் பழைய பெயரை அரத்தால் அழித்திருக்கிறார்கள் என்று பொருள்; எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வாங்காதீர்கள்.

நல்லூர்த் திருவிழாவிலும் பத்துமலைத் தைப்பூசத்திலும் மயங்கி விழுபவர்களைத் தூக்கி நிழலில் கிடத்தும் செயின்ட் ஜான் தொண்டர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமல்ல. ஆனால் நம்மவர்கள் முதலுதவிப் படையாக அணிவகுத்தது அதற்கும் முன்னால். இந்தப் பதக்கம் பிறந்த அதே காலத்தில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில். 1899இல் போயர் போர் மூண்டபோது முப்பது வயது பாரிஸ்டர் ஒருவர் இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். டர்பனில் மிஷன் நடத்திய டாக்டர் பூத் அவர்களுக்கு முதலுதவி கற்றுக் கொடுத்தார். படையில் பெரும் பகுதி கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் கூலிகளில் அதிகம் பேர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. ஸ்பியான் கோப் மலைச் சண்டையில் குண்டு விழும் தூரத்துக்குள் போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு, ஒரு நாளில் இருபது, இருபத்தைந்து மைல்கூட நடந்தார்கள். போர் முடிந்து பதக்கம் வந்தது. தலைவர்கள் 37 பேருக்கு வந்தது. ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களின் பெயர் எந்த விளிம்பிலும் ஏறவில்லை.

அந்த பாரிஸ்டரின் மார்பில் ஏறியது. 1906இல் ஜூலு கலகத்தின்போது மீண்டும் ஸ்ட்ரெச்சர் படை, மீண்டும் பதக்கம். 1914 ஆகஸ்டில் அவர் லண்டனில் இறங்கியபோது உலகப் போர் தொடங்கியிருந்தது. அங்கேயும் இந்திய மாணவர்களைத் திரட்டி முதலுதவி வகுப்பில் உட்கார வைத்தார், தானும் உட்கார்ந்தார். வகுப்பெடுத்தவர் ஜேம்ஸ் கேன்ட்லி. ஷெப்பர்டின் புத்தகத்துக்குப் பிற்காலத்தில் வந்த செயின்ட் ஜான் முதலுதவிக் கையேட்டை எழுதியவர் அவர்தான். 1896இல் லண்டன் சீனத் தூதரகத்தில் சிறைப்பட்டிருந்த தன் பழைய மாணவர் சுன் யாட்-சென்னை வெளியே கொண்டுவரப் பாடுபட்டவரும் அவரே. சீனக் குடியரசின் தந்தைக்கு மருத்துவம் கற்றுக் கொடுத்த அதே மனிதர் காந்திக்கு முக்கோணக் கட்டுப் போடக் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

மறு வருடம் இந்தியா திரும்பிய காந்திக்கு பிரிட்டிஷ் அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1920 ஆகஸ்டில் அதையும், போயர் போர்ப் பதக்கத்தையும், ஜூலு பதக்கத்தையும் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். அந்தக் கைசர்-இ-ஹிந்தின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)